பூகம்ப பரிகார நிதி

என் கணவருக்குத் தமிழ் எழுத வரும் என்று அவரும், வராது என்று நானும் சொல்லிச் சொல்லியே பாதி ஆயுளைக் கழித்துவிட்டோம். அவர் பெங்களூர் மல்லேஸ்வரத்தில் பிறந்து வளர்ந்தவர். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் கன்னடம், ஆபீசில் இங்கிலீஷ், மார்க்கெட்டில் மூன்றும். தமிழ் எழுத்தை அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. வாரப் பத்திரிகை ஜோக்குகளையும் வேலூர் பஸ்ஸின் போர்டையும் எழுத்துக்கூட்டிப் படித்து அவராகவே கற்றுக்கொண்டார். படிப்பதில் குறையில்லை. எழுத உட்கார்ந்தால்தான் ரகரமும் றகரமும், ரெண்டு சுழியும் மூன்று சுழியும் சேர்ந்துகொண்டு அவரைப் படுத்தியெடுக்கும். நான் வேலூரில் பிளஸ் டூ வரை தமிழிலேயே படித்தவள். அந்தத் திமிர் எனக்கு உண்டு. கல்யாணமான புதிதில் மளிகைச் சீட்டில் "வெள்ளம் கால் கிலோ" என்று எழுதியிருந்தார். வெள்ளத்தைப் பையில் கட்டித் தருவார்களா என்று கேட்டேன். அன்றைக்கு ஆரம்பித்த கிண்டல் இன்னும் ஓயவில்லை. அவரும் சளைத்தவர் இல்லை. நான் பஸ்ஸில் கன்னடம் பேசினால் கண்டக்டருக்கு முன்பு அவர் சிரித்துவிடுவார்.

எங்கள் வீடு ஒரு பழைய அப்பார்ட்மெண்டின் தரைத்தளத்தில் இருக்கிறது. சின்னக் கட்டடம். கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, மாடிப்படிக்குக் கீழே ஓர் அறை, அந்த அறையில் எங்கள் வாட்ச்மேன். நேபாளத்து மலைக்காரர், இளவயதுக்காரர். எப்போதும் சட்டையைப் பேண்ட்டுக்குள் செருகியிருப்பார். என் கணவரை சாப் என்றும் என்னை மேடம்ஜி என்றும் கூப்பிடுவார். கன்னடம் கொஞ்சம், தமிழ் இன்னும் கொஞ்சம். "தண்ணி வந்துச்சு" என்ற ஒரு வாக்கியத்தை மட்டும் எங்களைவிட நன்றாகச் சொல்வார்.

அந்த நவம்பரில் ஒரு நாள் காலை தண்ணி வரவில்லை. மேல் மாடியிலிருந்து ஆளுக்கு ஆள் கத்துகிறார்கள். மோட்டார் போடவில்லை. இந்த மனுஷன் தூங்கிவிட்டார் போலிருக்கிறது, நாலு வார்த்தை கேட்டுவிட்டு வருவோம் என்று நான் முந்தானையைச் செருகிக்கொண்டு போனேன். அவர் தூங்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். அதில் ஒன்றும் ஓடவில்லை. வெறும் கருப்புத் திரை. என்னைப் பார்த்ததும் எழுந்து, "மேடம்ஜி, கர் கிர் கயா" என்றார். எனக்குத் தெரிந்த இந்திக்கு அதுவே அதிகம், ஆனால் புரிந்தது. வீடு விழுந்துவிட்டது.

இரவில் அவர் ஊர்ப் பக்கம் பூமி ஆடியிருக்கிறது. மண்ணும் கல்லும் வைத்துக் கட்டிய வீடுகள். அவருடைய வீட்டில் உயிருக்கு ஒன்றுமில்லை. மனைவி குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடிவிட்டாள். சுவர்களில் பாதி நின்றது, கூரை போய்விட்டது. இதையெல்லாம் என் கணவர் தன்னுடைய இந்தியில் கேட்டுக் கேட்டு எனக்குச் சொன்னார். அவருடைய இந்தி பற்றி இங்கே ஒன்றும் சொல்லப்போவதில்லை. ஒரு சமயத்தில் ஒரு மொழி போதும்.

வீடு விழுந்ததைவிட வேறொன்று அந்த மனிதரை வாட்டியது. குழந்தைக்கு ஆறு வயது. பெண். அன்றைய இரவுக்குப் பிறகு அது எந்தக் கூரைக்கு அடியிலும் வர மறுக்கிறது. பக்கத்தில் கொடுத்த டெண்ட்டுக்குள்ளும் வராதாம். மேலே எதையாவது கண்டால் ஓடிப்போய் வெட்டவெளியில், அக்ரூட் மரத்துக்கும் தள்ளி, கம்பளியைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறது. அங்கேயே தூங்குகிறது. அம்மாவும் கூடவே வெளியில் படுக்கிறாள். பனி கொட்ட ஆரம்பித்துவிட்டது, இனி நாளுக்கு நாள் அதிகமாகும். தகரம் வாங்கிப் போட்டு, சுவரைச் சரிசெய்து, தானே போய்க் கூப்பிட்டால் உள்ளே வந்துவிடும் என்று அவர் நம்பினார். வீடியோவைக் காட்டினார். கம்பளிக்குள்ளிருந்து இரண்டு கண் மட்டும் தெரிந்தது. அம்மா என்னவோ சொல்லிக் கூப்பிட, அந்தக் கம்பளி இல்லை, இல்லை என்று ஆடியது.

என் கணவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஆயித்து. கலெக்ட் பண்ணிடலாம்," என்றார். வாட்ச்மேன் வீட்டுக்கும் பக்கத்தில் இரண்டு வீட்டுக்கும் தகரம் போடுமளவு பணம், அடுத்த சனிக்கிழமை ரயிலுக்கு டிக்கெட். வசூல் என்று வந்துவிட்டால் என் கணவருக்கு இளமை திரும்பிவிடும். கன்னட ராஜ்யோத்சவக் கொடியிலிருந்து கணபதிப் பந்தல்வரை அந்தத் தெருவில் அவர் கை நீட்டாத வாசல் இல்லை.

எனக்கு அன்று வேலூர் போகவேண்டியிருந்தது. தங்கை பெண்ணுக்குச் சீமந்தம்.

"நீ போய்ட்டு வா. போர்டெல்லாம் நானே எழுதிக்கிறேன்," என்றார்.

"தமிழ்லயுமா?" என்றேன்.

"தமிழ்லயும்தான். பக்கத்து கிராஸ் தெருவுல பூரா தமிழ்க்காரங்கதானே."

அப்போதே பையைக் கீழே வைத்திருக்கவேண்டும். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டேன்.

சீமந்தம் முடிந்து, வளையல் அடுக்கிய கையோடு திரும்பி வந்து கதவைத் திறந்தால், எங்கள் ஹால் பூஜைச் சாமான் கடை மாதிரி இருந்தது. ஓர் ஓரத்தில் தேங்காய்கள். எலுமிச்சம்பழம் ஒரு கூடை. நல்லெண்ணெய் பாட்டில்கள், நெய், எள்ளுப் பொட்டலம், கற்பூரம், மடித்த கருப்புத் துணி. டீபாய் மேல் உண்டியலாக மாற்றிய பிஸ்கட் டின் மூடமுடியாமல் நின்றது. நடுவில் என் கணவர், ஜெயித்த மனிதரின் முகத்தோடு.

"பார்த்தியா, நம்ம ஜனங்களை? கன்னடக்காரங்க ஸ்வெட்டர், கம்பளி, பணம்னு கொடுத்தாங்க. சந்தோஷம். ஆனா நம்ம தமிழ்க்காரங்க இருக்காங்களே, தாராளம்னா அப்படித் தாராளம். பணமும் கொடுத்து, மேல சாமானும் கொடுத்துட்டுப் போறாங்க."

"நேபாளத்துக்குத் தேங்காய் எதுக்குங்க?"

"மலை தேசம். அங்க தேங்காய் சிக்காதுன்னு யோசிச்சிருப்பாங்க."

"எலுமிச்சம்பழம்?"

"விட்டமின் சி," என்றார், கொஞ்சமும் தயங்காமல்.

கருப்புத் துணி குளிருக்கு. எள் உடம்புக்குச் சூடு. நல்லெண்ணெய் குழந்தைக்குத் தேய்க்க. எல்லாவற்றுக்கும் அவர் ஒரு காரணம் கண்டுபிடித்து வைத்திருந்தார். பணத்தோடு ஒவ்வொருவரும் ஒரு சீட்டும் கொடுத்திருந்தார்கள்; அவற்றைத் தனியாக ஒரு கிண்ணத்தில் போட்டிருந்தார். ரசீது அனுப்புவதற்குப் பேரும் விலாசமும் எழுதியிருப்பார்கள் என்பது அவர் எண்ணம். ஒன்றை எடுத்துப் பிரித்தேன். ஒரு பெயர், அதற்குக் கீழே ரோகிணி நட்சத்திரம், ரிஷப ராசி. அடுத்தது மகம், சிம்மம். அதற்கடுத்ததில் குடும்பத்தில் எல்லோருடைய பெயரும் நட்சத்திரமும் எழுதி, "வொய்ட்ஃபீல்டு பிளாட்டுக்கும் சேர்த்து" என்று முடித்திருந்தது.

"நீங்க போர்டுல என்ன எழுதினீங்க?" என்றேன்.

"கேட்ல தொங்குதே, பார்க்கலையா?"

வளையல் குலுங்க வெளியே ஓடினேன். எனக்குக் கல்யாண நாளுக்கு வாங்கிய பட்டுப்புடவையின் அட்டைப் பெட்டி மூடி. அதன் வெள்ளைப் பக்கத்தில் நீல மார்க்கரால் கொட்டை எழுத்தில் எழுதிக் கயிறு கட்டித் தொங்கவிட்டிருந்தார். அதை அப்படியே தருகிறேன்:

பூகம்ப பரிகார நிதி. தயவிட்டு உதாரமாய் குடுக்கவும். கீள் வீடு.

கன்னடம் தெரிந்தவர்களுக்கு இதில் ஒரு தப்பும் இல்லை. வெள்ளமோ வறட்சியோ வந்தால் கன்னடத்தில் எழுதுவது பரிஹார நிதி என்றுதான். நாம் நிவாரணம் என்பதை அவர்கள் பரிஹாரம் என்பார்கள். தயவிட்டு என்றால் தயவுசெய்து. உதார என்றால் தாராளம். ஆனால் எழுதியது தமிழில். தமிழில் பரிகாரம் என்றால் தோஷம் கழிப்பது. தயவிட்டு என்றால் தயவை விட்டுவிட்டு. உதாரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆகமொத்தம், பூகம்ப தோஷம் நீங்க, கொஞ்சமும் இரக்கமில்லாமல், நன்றாக உதார் விட்டுக் கொடுக்கும்படி என் கணவர் ஊரைக் கேட்டுக்கொண்டிருந்தார். கீழ் வீட்டுக்கு என்ன நேர்ந்தது என்பது கண்ணெதிரே.

நான் கேட்டைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். சீமந்தத்துச் சாப்பாடு வயிற்றில் குலுங்கியது. பின்னாலேயே வந்த அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

"நிலநடுக்கம்னு எழுதறதுக்கென்ன?"

"அதுல எந்த ந முதல்ல வரும்னு சந்தேகம். அதான் பூகம்பம்னு போட்டேன், சேஃப்டிக்கு."

அந்த சேஃப்டிதான் எல்லாவற்றையும் கெடுத்திருந்தது. இதே வாசகத்தைக் காகிதத்தில் எழுதிப் பக்கத்து கிராஸ் கோயில் போர்டிலும் ஒட்டியிருக்கிறார். போய்ப் பார்த்தேன். அடுத்த மாதம் சனிப்பெயர்ச்சி. போர்டில் இடது பக்கம் "சனிப்பெயர்ச்சி பரிகார ஹோமம்." வலது பக்கம் என் கணவரின் "பூகம்ப பரிகார நிதி." ஒன்றுக்கொன்று அக்கா தங்கை. டிவியில் நேபாளத்தில் இடிந்த வீடுகளைப் பார்த்துவிட்டுக் கோயிலுக்கு வந்தவர்கள், நம் வீடு இடியாமலிருக்க ஏதோ செய்கிறார்கள் என்று நினைத்ததில் என்ன ஆச்சரியம்? பூசாரியே அந்தக் காகிதத்தைப் படித்துவிட்டு, "சார், நம்ம கோயில்லயே பண்ணலாமே, வெளி ஆளுங்களைக் கூப்பிடணுமா?" என்று மனத்தாங்கலாகக் கேட்டாராம். என் கணவர் அதற்கு, "இல்லைங்க, நேபாளத்துக்கே நேரா போகுது," என்று பதில் சொல்லியிருக்கிறார். அவ்வளவுதான், காசி ராமேஸ்வரம் ரேஞ்சுக்குப் போய்விட்டது விஷயம். இமயமலையில் வைத்துச் செய்கிற பரிகாரம் என்றால் சும்மாவா?

இதையெல்லாம் நான் விளக்கிச் சொன்னபோது அவரும் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. கிண்ணத்திலிருந்த சீட்டுகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் படித்தார். முகம் சுண்டிப்போனது.

"நான் பொய் சொல்லல. ஆனா இவங்க கொடுத்தது நான் சொன்னதுக்கு இல்லையே," என்றார். "எல்லார்கிட்டயும் சொல்லிடணும். வேணும்னா திரும்பக் கொடுத்துடணும்."

எனக்குச் சிரிப்பு நின்றது. சனிக்கிழமை ரயில். டிக்கெட் எடுத்தாகிவிட்டது. இந்தப் பணம் இல்லாமல் அந்த மனிதர் வெறுங்கையோடு ஊரில் இறங்கி என்ன செய்வார்? கம்பளிக்குள் இருந்த அந்த இரண்டு கண் எனக்கு நினைவு வந்தது.

"சும்மா இருங்க," என்றேன். "கொழந்தை பனியில கிடக்குது. இப்பப் போய் நியாயம் பேசிக்கிட்டு. போய்ச் சேரட்டும், அப்புறம் சொல்லிக்கலாம்."

"அப்புறம் சொன்னா ஏமாத்தினதா ஆயிடும்."

"இப்ப சொன்னா தகரம் போயிடும்."

அவர் எழுந்தார். சட்டையை மாற்றிக்கொண்டு, கிண்ணத்தையும் டின்னையும் எடுத்துக்கொண்டு கிளம்பினார். எனக்குக் கோபமாக வந்தது. இந்த மனிதருக்கு எழுத்துத்தான் தப்பாக வரும், மற்றதெல்லாம் அளவுக்கு மீறிச் சரியாக வரும். தனியாக விட்டால் அங்கே போய் எந்த பாஷையில் என்ன சொல்வாரோ என்று நானும் பின்னாலேயே போனேன்.

முதலில் எதிர் வீட்டம்மா. வொய்ட்ஃபீல்டு பிளாட் இவர்களுடையதுதான். மகன் பத்தொன்பதாவது மாடியில் வாங்கிவிட்டான். அம்மாவுக்கு லிஃப்ட்டில் ஏறும்போதே தலை சுற்றும். பூகம்பம் என்ற வார்த்தையைக் கேட்டதிலிருந்து அவர்கள் தூங்கவில்லை. என் கணவர் வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். இது பரிகாரம் இல்லை, கன்னட பரிஹாரம், தப்பு தன்னுடையது, வாட்ச்மேன் வீட்டுக்குத் தகரம், குழந்தை வெளியில் படுக்கிறது, பணத்தை எடுத்துக்கொள்ளலாம். சொல்லிவிட்டு டின்னை நீட்டினார்.

அந்தம்மா ஓரடி பின்னால் போனார்கள்.

"ஐயய்யோ, என்ன சார் இது? பரிகாரத்துக்குன்னு எடுத்து வச்சதை யாராவது திரும்ப வாங்குவாங்களா? தோஷம் ரெட்டிப்பா வந்து உட்காராதா?"

"இல்லம்மா, இது பரிகாரமே இல்ல."

"நான் சாமி முன்னாடி வச்சு எடுத்துக் கொடுத்தது. உங்களுக்கு இல்லன்னா போங்க, எனக்கு ஆமா."

கதவுப் பக்கம் திரும்பினவர்கள், ஏதோ நினைத்துக்கொண்டு நின்றார்கள். "அந்தப் பொண்ணு வெளியவா படுக்குது? இந்தக் குளிர்லயா?" என்று கேட்டார்கள். உள்ளே போய் ஒரு மங்கி கேப் கொண்டுவந்தார்கள். பேரனுடையது. "சீட்டு மட்டும் பத்திரமா போய்ச் சேரணும் சார். அந்த ஊர்ல எங்கயாவது நல்ல இடத்துல வச்சிடச் சொல்லுங்க. பத்தொன்பதாவது மாடி, மறந்துடாதீங்க."

எல்லா வாசலிலும் இதே கதைதான். என் கணவர் குற்றவாளி மாதிரி நின்று உண்மையைச் சொல்ல, அவர்கள் பணத்தைப் பாம்பைப் பார்ப்பது போல் பார்த்துவிட்டுப் பின்வாங்கினார்கள். ஒருவர் மட்டும் கை நீட்டி வாங்கிக்கொண்டார். மூன்றாவது கிராஸில் இருக்கும் பில்டிங் கான்ட்ராக்டர். எல்லோரையும்விட அதிகம் கொடுத்திருந்தவர் அவர்தான். தான் கட்டிய வீடுகளைப் பற்றி அவருக்குத்தானே தெரியும்! "ஓஹோ, டொனேஷனா? அப்ப பேடா சார், வேண்டாம்," என்று எண்ணிப் பையில் வைத்துக்கொண்டார். மறுநாள் விடியற்காலை அவருடைய மனைவி எங்கள் வாசலில் நின்றார்கள். தலைகூட வாரவில்லை. "திரும்ப வாங்கிட்டு வந்துட்டாராம், அறிவிருக்கா அந்த மனுஷனுக்கு?" என்று, எடுத்ததையும் மேலே கொஞ்சத்தையும் வைத்துவிட்டு, சீட்டை இரண்டு தடவை தொட்டுக் கண்ணில் ஒற்றிவிட்டுப் போனார்கள்.

என்னைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். இதையெல்லாம் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்த நானும், வெள்ளிக்கிழமை அவர் குளிக்கப் போன நேரத்தில், காலண்டர் தாளைக் கிழித்து எங்கள் இரண்டு பேர் பெயரும் நட்சத்திரமும் எழுதிக் கிண்ணத்தில் போட்டுவிட்டேன். தெருவே போடும்போது நாம் மட்டும் விட்டுவிடுவானேன் என்றுதான்.

சனிக்கிழமை ரயிலுக்குக் கிளம்பும்போது வாட்ச்மேனிடம் பணத்தைக் கொடுத்தோம். ஸ்வெட்டர்கள், கம்பளி, கருப்புத் துணி, மங்கி கேப் எல்லாம் ஒரு பெரிய பையில். தேங்காயையும் எலுமிச்சம்பழத்தையும் கோயிலுக்கே அனுப்பிவிட்டோம். பூசாரிக்கு மனத்தாங்கல் தீர்ந்தது. கடைசியாகச் சீட்டுகள். இவற்றை எப்படி விளக்குவது என்று என் கணவர் திணறினார். "இதெல்லாம் ஜனங்க பேர்" என்று இந்தியில் சொன்னார். "உனக்குக் கொடுத்தவங்க பேர். வீடு விழக்கூடாதுன்னு எழுதிக் கொடுத்திருக்காங்க. ஊர்ல நல்ல இடத்துல வச்சிடு." யாருடைய வீடு என்று அவர் சொல்லவில்லை. தெரிந்து சொல்லவில்லையா, அவருடைய இந்தியில் அது வராமல் போய்விட்டதா, இன்றுவரை கேட்டதில்லை. வாட்ச்மேன் சீட்டுகளை இரண்டு கையாலும் வாங்கி, பாஸ்புக் வைக்கும் பிளாஸ்டிக் கவரில் போட்டு, சட்டைக்குள் வைத்துக்கொண்டார்.

அவர் போனபிறகு பார்த்தால் கேட்டில் போர்டு இல்லை. கயிறுமட்டும் தொங்கியது. எங்கள் தெருவில் ஒரு மாடு திரியும்; அட்டை, காகிதம், தேர்தல் நோட்டீஸ், எது கிடைத்தாலும் மெல்லும்.

"மாடு தின்னுடுச்சு," என்றேன். "பாவம், அதுக்காவது ஜீரணமாகணும் உங்க தமிழ்."

"கன்னட மாடு. அதுக்குப் புரிஞ்சிருக்கும்," என்றார் அவர்.

பிறகு நாட்கள் போயின. வாட்ச்மேனுக்கு மைத்துனர் முறையில் ஒரு பையன் கேட்டைப் பார்த்துக்கொண்டான். தண்ணி நேரத்துக்கு வந்தது, ஊரிலிருந்து சேதி வரவில்லை. மலையில் சிக்னல் கிடையாது என்று பையன் சொன்னான். என் கணவர் காலையில் காபி டம்ளரோடு கேட்டுக்குப் போய், "போன் வந்ததா?" என்று கேட்டுவிட்டு வருவார். எதிர் வீட்டம்மாவும் பால்கனியிலிருந்து அதையே கேட்பார்கள். முதலில், சீட்டு போய்ச் சேர்ந்துவிட்டதா என்று கேட்டவர்கள், கொஞ்ச நாளில் "பொண்ணு உள்ள வந்துச்சா?" என்று மாற்றிக்கொண்டார்கள். எனக்குள்ளும் அதே கேள்விதான் ஓடிக்கொண்டிருந்தது. மல்லேஸ்வரத்தில் டிசம்பர் குளிருக்கே நான் ஜன்னலைச் சாத்திக்கொண்டு இரண்டு போர்வை கேட்பவள். படுக்கும்போதெல்லாம் மேலே ஃபேனைப் பார்ப்பேன், உடனே அந்தக் குழந்தை ஞாபகம் வரும்.

சனிப்பெயர்ச்சி முடிந்த வாரத்தில் ஒரு காலை போன் வந்தது. என் கணவர் ஸ்பீக்கரில் போட்டார். அந்தப் பக்கம் காற்றுச் சத்தத்துக்கு நடுவில் வாட்ச்மேன். தகரம் போட்டாகிவிட்டது, மூன்று வீட்டுக்கும் சரியாக வந்தது, சுவர் எழும்பிவிட்டது என்றார். குரலில் களை இல்லை.

"பேட்டி?" என்றார் என் கணவர். மகள்?

முதலில் வரவில்லையாம். தகரம் வெயிலில் பளபளக்க, தூரத்தில் நின்று பார்த்ததாம். அப்பா வந்துவிட்டார் என்ற சந்தோஷத்தில் கிட்டே வந்தது, கதவுவரை வந்தது, மேலே பார்த்தது, ஓடிவிட்டது. அவரும் வெளியிலேயே அதோடு படுத்தார். அப்படியே போய்க்கொண்டிருந்தபோது, ஒருநாள் சட்டைக்குள் இருந்த சீட்டுகள் அவருக்கு ஞாபகம் வந்தன. நல்ல இடத்தில் வைக்கச் சொல்லியிருந்தோமே. ஏணி போட்டு ஏறி, தகரத்துக்கும் மூங்கிலுக்கும் நடுவில் ஒவ்வொன்றாகச் செருக ஆரம்பித்தார். குழந்தை வாசலில் வந்து நின்று, இதெல்லாம் என்ன என்று கேட்டது.

"நான் சொன்னேன் சாப், இது பெங்களூர்ல இருக்கிற ஒருத்தர். இது இன்னொருத்தர். நம்ம வீடு விழக்கூடாதுன்னு எல்லாரும் பேர் எழுதிக் கொடுத்திருக்காங்க. எல்லாருமாச் சேர்ந்து கூரையைப் பிடிச்சிட்டிருக்காங்க."

குழந்தை கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்ததாம். பிறகு, அந்த மூலையில் ஒருத்தரும் இல்லையே என்றதாம். அவர் அங்கே ஒரு சீட்டைச் செருகினார். இந்தப் பக்கம்? அங்கேயும் செருகினார். இப்படி அதுவே இடம் காட்டிக் காட்டி, மூலைக்கு மூலை நகர்ந்து, தனக்கே தெரியாமல் வீட்டுக்கு நடுவில் வந்து நின்றுவிட்டது.

 நான் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். துக்கமா சந்தோஷமா என்று பிரிக்கமுடியாத ஓர் அழுகை. ரோகிணியும் மகமும், கான்ட்ராக்டர் பெண்டாட்டியும், பத்தொன்பதாவது மாடியும், நாங்கள் இரண்டு பேரும் அங்கே தகரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றோம்.

போனில் அவர் இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். குரல் தயங்கியது. ஒரு தப்பு செய்துவிட்டேன், சாப் மன்னிக்கணும் என்றார். கேட்காமல் ஒன்றை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாராம். அதைப் படித்தவர்களெல்லாம் நின்றார்கள், உள்ளே வந்தார்கள், கொடுத்தார்கள். நாற்காலியில் உட்கார்ந்து தினமும் பார்த்தாராம். அதில் ஏதோ சக்தி இருக்கிறது, வீட்டில் இருக்கட்டும் என்று தோன்றியதாம். போட்டோ அனுப்புகிறேன் என்று வைத்துவிட்டார்.

வெகுநேரம் சுற்றிச் சுற்றி ஒரு வழியாக அந்தப் போட்டோ இறங்கியது. புது மண் பூசிய சுவர். அதை ஒட்டித் தரையில் ஒரு படுக்கை. சுவர்ப் பக்கம் தலை வைத்து, கன்னம்வரை மங்கி கேப் போட்டுக்கொண்டு, வாய் பிளந்து தூங்குகிற ஒரு குழந்தை. அதன் தலைக்கு நேர் மேலே, ஆணியடித்து மாட்டிய என் பட்டுப்புடவைப் பெட்டி மூடி.

என் கணவர் விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார், போட்டார்.

"தலைகீழா மாட்டிட்டானே," என்றார்.

"இருக்கட்டும் விடுங்க. கொழந்தை படுத்தவாக்குல அண்ணாந்து பார்த்தா நேராத்தான் தெரியும்."

அவர் இன்னும் பெரிதாக்கினார். நீல மார்க்கரில் கீள் வீடு என்பது திரை முழுக்க வந்து நின்றது. என் முகத்தைப் பார்க்காமலேயே கேட்டார்.

"எழுத்து?"

"எழுத்தும் சரியாத்தாங்க இருக்குது," என்றேன்.